ஆலாவுக்கு அரைப் பேர்

பசறை,
வைகாசி 6

என் மனைவிக்கு ஒரே தம்பியாகப் பிறந்ததால் மட்டுமே இதுவரை அடிபடாமல் தப்பித்துவரும் மச்சான் வடிவேலுக்கு, வீரய்யா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காளும் மகள் யசோதினியும் சுகம். உன் சுகத்தையும் பெரகலயில் நீ வைத்திருக்கும் கடையின் சுகத்தையும் விசாரிக்க மனமில்லை. கடிதம் என்றால் விசாரிக்க வேண்டும், விசாரித்தாயிற்று. போனில் ஏசினால் சிக்னல் இல்லையென்று வைத்துவிடுவாய். அதனால் தபாலில் ஏசுகிறேன்.

யசோதினியைப் மகனுக்குப் பெண் பார்க்க வந்த வெலிமடைப் பள்ளிக்கூட அதிபரிடம், "எங்க மச்சானுக்குப் பறவைன்னா உசுருங்க" என்று அளந்துவிட்டுப் போய்விட்டாய். அந்த மனிதருக்குப் பறவைதான் உலகம் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கங்காணியாக இருந்து ரிட்டையரானவனுக்குக் குழம்பில் கிடக்கும் கோழியைத் தவிர எந்தப் பறவையோடும் பழக்கமில்லை. போன சனிக்கிழமை என்னை வேனில் ஏற்றி, மன்னார்க் கடலுக்குக் கொண்டுபோய், மணல் தீவுகளுக்கு நடுவில் படகில் உட்கார வைத்துவிட்டார். நம் ஊர்க் குளிருக்குப் பழகிய நான் ஸ்வெட்டர் போட்டுப் போயிருந்தேன்; உள்ளே பனியன் கிழிசல், சம்பந்தியாகப் போகிறவர் முன்னால் எப்படிக் கழற்றுவது? வெந்துகொண்டே, அவர் எதைக் காட்டினாலும் "ஆமாங்க, அதேதாங்க" என்று சமாளித்தேன். பொய் சொல்லக்கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை மணலில் கறுப்புத் தொப்பி போட்ட சின்ன ஆலாப் பறவைகள் இருநூறுக்கு மேல், எல்லாம் அடைகாத்துக்கொண்டு. மீனோடு வந்த சில ஆலாக்கள் கண்ட இடத்தில் இறங்கவும், கொழுந்து பறிப்பவர்களை வரிசையில் நிறுத்திய முப்பது வருசப் பழக்கத்தில் என் வாய் தானாக, "நெரய புடிச்சு நில்லு" என்று சத்தம் போட்டுவிட்டது. மொத்தத் தீவும் எழும்பிப் பறந்தது. படகோட்டி ஜௌபர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அவை திரும்பி வந்து உட்கார்ந்ததும் அதிபர் பைனாகுலரையும் நோட்டையும் நீட்டி, "கூடுகள எண்ணிச் சொல்லுங்க" என்றார். அப்பாடா, எனக்குத் தெரிந்த வேலை. தோட்டத்தில் முழு நாள் நின்றவர்களுக்கு முழுப் பேர், இடையில் எழும்பிப் போனவர்களுக்கு அரைப் பேர், சம்பளமும் அரை நாளுக்குத்தான் என்பது உனக்கே தெரியும். அதே முறையில் போட்டேன். ஒன்று மட்டும் நான்கு தடவை கூட்டை விட்டுத் தண்ணீர்ப் பக்கம் போய் வந்தது. ஆக மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டரை.

"பறவையில ஏதுங்க அரை?" என்றார் அதிபர். "அது சும்மா போகல. வயித்த நனைச்சுட்டு வந்து முட்டையச் சூடு ஆத்துது."

நான் விடவில்லை. "காரணம் எல்லாருக்கும் இருக்குங்க. காரணம் கேக்குறது கங்காணி வேலை இல்லீங்க."

அதிபர் நோட்டை வாங்கி மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். வெலிமடையில் இறங்கும்போது, "சொல்லி அனுப்புறோம்" என்றார். சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்னவென்று பெண்ணைப் பெற்றவனுக்குத் தெரியும். யசோதினிக்கு அதிபரின் மகன் ரமேஸை மனசுக்குப் பிடித்துவிட்டது. "பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டு நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. எல்லாம் உன் ஒரு பொய்யால். இனி என் லயத்து வீட்டு வாசலில் கால் வைக்காதே.

மற்றபடி முருகன் துணையால் உன் பிள்ளைகள் நோய் நொடியின்றி நன்றாக இருக்கட்டும். உனக்கு ஆசீர்வாதம் பாதிதான்.

இப்படிக்கு,
வீரய்யா

பி.கு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உன் அக்காளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "யசோதினி கைப்பிள்ளையா இருக்கையில, அவள விட்டிருந்த பிள்ளைக் காம்பராவுக்கு நான் போய்ப் பால் குடுத்துட்டு வந்த அன்னைக்கு எனக்கும் அரைப் பேருதானே போடச் சொன்னீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இருபத்தாறு வருசமாக ஒரு தடவைகூட இதைச் சொன்னவள் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது மச்சான். உடனே அதிபருக்குப் போன் போட்டு, "ஐயா, இருநூத்திப் பதிமூணு. எல்லாம் முழுசுங்க" என்றேன். அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆவணியில நாள் பாப்பமா?" என்றார்.

ஆகவே மேலே ஏசியதை எல்லாம் அடித்துவிட்டு வாசித்துக்கொள். உன் பொய்க்கும் முழுப் பேர் போட்டாயிற்று. அடுத்த வருசமும் அதே தீவுக்குப் போகிறோம், உன் அக்காளும் வருகிறாள். எண்ணப்போவது அவள், நான் வாயை மூடிக்கொண்டு படகில் உட்கார்ந்திருப்பதாக ஏற்பாடு.