கிட்டே வந்தால் குத்தும்

கூடுவாஞ்சேரி,
திங்கட்கிழமை காலை.

‘புறநகர்ச் சாளரம்’ ஆசிரியர் ஸ்ரீவத்சன் சார் அவர்களுக்கு, ஏஞ்சல் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சகத்தாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே நான், அப்பா ஏசுபாதம், அம்மா கன்னியம்மா, எங்கள் காளை கருப்பட்டி ஆகிய நால்வரும் சுகம். கருப்பட்டிக்கு மட்டும் இடது கொம்பில் லேசான கீறல், அதை அது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சார், வெள்ளிக்கிழமை இதழ் அச்சுக்குப் போகிறது என்றீர்கள். என் முதல் கதை வரப்போகிற இதழ். அதற்குள் ஒரு பிழையைத் திருத்தியாக வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

நான் காலையில் கருப்பட்டியை ஏரிக்கரைக்கு நீச்சலுக்கு ஓட்டிப் போவேன். அது கரையேறி மேயும்போது பக்கத்து லேஅவுட்டில் ஏதாவது ஒரு மனைக்கல் மேல் உட்கார்ந்து கதை எழுதுவேன். உங்களுக்கு அனுப்பிய கதை முப்பத்தேழாம் நம்பர் மனையில் எழுதியது. அந்த மனை விற்றுப்போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பிறகு ரயிலில் தாம்பரம், அங்கிருந்து பஸ்ஸில் சேலையூர். அங்கே கேம்ப் ரோட்டில் ஹில்டா அக்காவின் ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் வேலை. என் துப்பட்டாவில் மாட்டு வாடை வருகிறது என்று அக்கா மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைப்பார். இந்த வாழ்க்கை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது சார். அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. “ஒண்ணு மாட்டு பின்னால ஓடு, இல்ல பேப்பர் பின்னால ஓடு. ரெண்டுத்துக்கும் நடுவுல ஓடிகினு இருந்தா நீ உருப்படியா இன்னாதான் ஆவே? இந்தக் கதை வந்துச்சின்னா மாட்டை வித்துடலாம்” என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு, ஞாயிற்றுக்கிழமை சபையில் காட்டுவதற்கு இருபது பிரதிக்கும் சொல்லிவைத்துவிட்டார்.

தாங்கள் ‘ஆசிரியர் குறிப்பு அனுப்பு’ என்று கேட்ட அதே வாரம் புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஊரில் ஜல்லிக்கட்டு. வாடிவாசலில் மாடு வரும்போது மைக்கில் படிப்பதற்கு நாம் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்க வேண்டும். அதில் மாட்டின் பெயர் இருக்காது சார். ‘ஏஞ்சல், கூடுவாஞ்சேரி’ என்று வளர்ப்பவர் பெயரில்தான் மாட்டைக் கூப்பிடுவார்கள். காகிதம் வீணாக வேண்டாமே என்று இரண்டு குறிப்பையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக அடித்தேன். ஹில்டா அக்கா கத்தரியால் நறுக்கி, இரண்டின் தலைப்பிலும் என் பெயரே இருந்ததால், கைக்கு வந்தபடி இரண்டு கவரில் போட்டு ஒட்டிவிட்டார்.

எனக்கு விஷயம் தெரிந்தது வாடிவாசலில்தான். குட்டியானை வண்டியில் இடுப்பு ஒடிய ஏழு மணி நேரம் போய், வரிசையில் நின்று, டாக்டர் பார்த்து, எங்கள் முறை வந்தது. மைக் பிடித்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: “ஏஞ்சல், கூடுவாஞ்சேரி. கூச்ச சுபாவம் உடையவர். தனிமையை விரும்புபவர். கூட்டத்தைக் கண்டால் பேச்சு வராது. மழையும் தேநீரும் பிடிக்கும்.” கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “மாட்டுக்கு டீ போட்டு வைங்கப்பா!” என்றார் மைக் பிடித்தவர். கயிற்றோடு நின்ற அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, “இன்னா ஏஞ்சலு, இவுரு யாரைப் பத்தி சொல்லிகினு கீறாரு?” என்றார். எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. கூச்ச சுபாவம்தானே என்று மாடுபிடி வீரர்கள் சிரித்துக்கொண்டே ஒரு கையை நீட்டினார்கள். கருப்பட்டி வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றியது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கையும் திமிலில் படவில்லை. எங்களுக்கு ஓர் எவர்சில்வர் அண்டா கிடைத்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்து வந்தேன்.

அங்கே படித்தது என் குறிப்பு என்றால் தங்களிடம் இருப்பது யாருடையது என்று தாங்களே ஊகிக்கலாம். தாங்கள் போனில், “நாற்பது வருஷத்துல இப்படி ஒரு துணிச்சலான தன்குறிப்பைப் பார்த்ததில்லைம்மா. ‘வயது நான்கு’ன்னா எழுத ஆரம்பிச்சு நாலு வருஷம்னு புரிஞ்சுக்கிட்டேன். ‘ஆறு பல்’ அருமையான படிமம்” என்றபோது உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள். சார், அது படிமம் இல்லை, ஆறு பல்தான்; மாட்டின் வயதைப் பல்லை எண்ணித்தான் சொல்வார்கள். “முதலில் வெளியே வர யோசிக்கும். வந்துவிட்டால் நிற்காது. தட்டிக்கொடுத்தால் மயங்காது. கயிற்றை இழுத்தால் கோபம் வரும். கிட்டே வந்தால் குத்தும். எல்லாம் முடிந்ததும் தானாக வீடு திரும்பும்” என்று என் புகைப்படத்துக்குக் கீழே வந்தால், சபையில் இருபது பேர் அதைப் படித்தால், அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? ஆகவே சரியான குறிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். அருள்கூர்ந்து மாற்றிவிடவும்.

தங்கள் பேனாவும் இதழும் நீடூழி வாழ அப்பா ஜெபிக்கிறார். அம்மா வணக்கம் சொல்லச் சொன்னார். கருப்பட்டி தலையை ஆட்டியது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ஏஞ்சல்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் மனசு கேட்காமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, இரண்டு குறிப்பையும் படித்துக் காட்டினேன். கூச்சம், தனிமை, மழை, தேநீர் எல்லாம் கேட்டுவிட்டு, “யாருடி இவ?” என்றார். மாட்டுக் குறிப்பைப் படித்ததும் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். “இது நம்ம ஏஞ்சலு. கிட்ட வந்தா குத்தும்னு கரெக்டா போட்டுகீறாங்க பாரு.” முறத்தை மறுபடி எடுத்து ஒரு தட்டு தட்டிவிட்டு, “ரெண்டும் ஒண்ணாத்தான் கீது. அப்புறம் எதை விக்கிறது?” என்றார். நான் அழுதுவிட்டேன் சார். ஆகவே தங்களிடம் இருப்பதையே போட்டுவிடவும். ஆறு பல்லும் அப்படியே இருக்கட்டும். இத்துடன் வைத்திருந்த சரியான குறிப்பை மட்டும் கவரிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டேன். வரும் மாதம் இன்னொரு ஊர் ஜல்லிக்கட்டில் அவிழ்க்கிறோம், கருப்பட்டிக்கு அது ராசியான குறிப்பு.