மூலை டீச்சரும் என் கொட்டாவியும்

ஆசிரியர்கள் பிள்ளைகளை மூலையில் உட்கார வைப்பார்கள். ஒரு பள்ளிக்கூடத்தையே மூலையில் உட்கார வைத்தவர் எங்கள் மூலை டீச்சர் ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. புளத்கொகுபிட்டிய பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடம். தடுப்பே இல்லாத ஒரு மண்டபத்தில் நாலு வகுப்புகள். நாலாம் வகுப்பு என்னுடையது. பன்னிரண்டு வருடம் கத்திக் கத்திக் குரலும் போய், ஆசையும் போய், வீட்டுக்குப் போகும் மணிக்காகவே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் வகுப்பு டீச்சர் கேகாலையில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனார். வாசிப்பு மூலை, சொல் மூலை, எழுத்து மூலை, கேட்டல் மூலை என்று நாலு வேண்டுமென்று திரும்பி வந்தார். பிள்ளைகள் சிறு குழுக்களாக மூலைக்கு மூலை மாறித் தாங்களே படிப்பார்களாம். எங்கள் மண்டபத்திலோ இரண்டு மூலைகளில் வேறு வகுப்புகள், ஒன்றில் தலைமை ஆசிரியரான அதிபரின் மேசை, ஒன்றில் ஒழுகும் கூரை.

மறுநாள் காலை அதிபரின் மேசையைக் காணவில்லை.

"டீச்சர், என் மேசை எங்க?"

"வராந்தாவுல போட்டிருக்கேன் சேர். காத்து நல்லா வருதுங்க."

"மழை வந்தா?"

"உள்ள வந்து வாசிப்பு மூலையில ஒக்காருங்க. ஏதாச்சும் வாசிக்கலாம்."

ஒழுகும் இடம் சொல் மூலையானது. ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகளை அடுக்கி எழுத்து அட்டைகளைப் போட்டார். மழை நாளில் அட்டையை எடுத்துவிட்டால் அதே சிரட்டை தண்ணீர் பிடிக்கும். எழுத்து மூலைக்கு இடமில்லாததால் கதவின் உள்பக்கம் கரி பூசினார். வெளியிலிருந்து வருபவர்கள் குரல் கொடுத்துவிட்டுத்தான் கதவைத் தள்ள வேண்டும்.

கேட்டல் மூலைக்கு ரேடியோ தேவை. அது இல்லை. என்னைப் பிடித்தார்.

"நீங்க எப்படியும் பேசிக்கிட்டுத்தானே இருக்கீங்க சேர். ஆறு புள்ளைங்க பக்கத்துல இருந்து கேட்டுட்டு, கேட்டதை எங்கிட்ட சொல்லட்டும்."

முதல் நாள் அறிக்கை என் காதிலும் விழுந்தது.

"சேர் மூணு தடவ கொட்டாவி விட்டாருங்க டீச்சர்."

"அப்புறம்?"

"அப்புறம் ஜன்னலைப் பாத்தாருங்க."

"நல்லா கவனிச்சிருக்கீங்க" என்றார் டீச்சர்.

அவமானத்துக்குப் பயந்து நான் பாடம் தயாரித்துக்கொண்டு வர ஆரம்பித்தேன். களைப்பு இரண்டு மடங்கானது.

ஒரு நாள் கல்வி அலுவலகத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் மூலைகளைப் பார்க்க வந்தார். சிரட்டையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பயிற்சியில சொன்னது இது இல்லையே. கைவிட்டுட்டு பழையபடி வரிசையா ஒக்கார வைங்க."

டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. அதே நேரம் என் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுமி எழுந்து போய்க் கதவில் சாக்கட்டியால் எழுதினாள்: 'சேருக்கு கலைப்பா இருக்கு.'

ஆலோசகர் அதை வாய்விட்டு வாசித்தார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"இந்தப் புள்ள ரெண்டு வருசமா ஒரு எழுத்துகூட எழுதினதில்லைங்க சேர்" என்றார் டீச்சர்.

ஆலோசகர் சாக்கட்டியை எடுத்து 'லை'யை 'ளை' ஆக்கினார். "சரி, நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் களைப்பாக இருக்கிறதென்று பன்னிரண்டு வருடத்தில் வேறு யாரும் சொன்னதில்லை. அன்று முழுக்க அந்தக் கதவு எழுத்தை அழிக்க நான் விடவில்லை.

மூன்று வருடம் கழித்து டீச்சர் வரக்காப்பொல பக்கம் மாற்றலாகிப் போனார். அவர் புறப்பட்ட அன்று நான் காய்ச்சலென்று லீவுக் கடிதம் கொடுத்தனுப்பினேன். அதிபர் அதன் அடியில் 'எனக்கும்தான்' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்.