திருதிருவும் என் ஒரே ஓட்டும்

எந்தக் கட்சியிலும் சேருவதில்லை என்று நான் உறுதி எடுத்தது ஒரு சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு. ஐந்து மணிக்கு மூன்று கட்சிகளிலும் உறுப்பினராகியிருந்தேன்.

நீங்கள் நினைக்கிற கட்சி இல்லை. இது எங்கள் வீட்டு ஹாலில் நடக்கும் அரசியல். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஜப்பான் கார்ட்டூன்.

"கார்ட்டூன் இல்லப்பா, அனிமே" என்று என் மகள் இதற்குள் நூறு தடவை திருத்திவிட்டாள். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். "மாங்கான்னு ஒரு படக்கதைப் புத்தகம் இருக்கும். அதிலேருந்து எடுக்கறது."

"அதான் கதாநாயகன் மாங்கா மடையனா இருக்கான்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் சேர்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

கதை இவ்வளவுதான். ஒரு பள்ளிக்கூடம். அதில் ஒரு பையன். அவன் மேல் மூன்று பெண்களுக்கு ஆசை. அவனுக்கு அழகும் கிடையாது, படிப்பும் கிடையாது, ஷூ கயிறுகூட ஒழுங்காகக் கட்ட வராது. எந்தப் பெண் வந்து என்ன கேட்டாலும் காது வரை சிவந்துபோய், திருதிருவென்று விழிப்பான். அதனால் எங்கள் வீட்டில் அவனுக்குப் பேரே திருதிரு. மரியாதையாகச் சொல்ல வேண்டுமென்றால், திரு. திருதிரு.

பெண்களுக்கும் நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். முதலாமவள் பின்னல். அவனுடைய அடுத்த வீட்டுப் பெண். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவனுக்குக் குடை பிடிக்கிறவள். இவள் என் மனைவியின் கட்சி. என் மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். சாட்சி இருமினால்கூட எத்தனை இருமல் என்று குறித்துக்கொள்கிறவள்.

இரண்டாமவள் கண்ணாடி. நூலகத்தில் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பாள். ஒன்பது வாரத்தில் மொத்தமே நாற்பது வார்த்தை பேசியிருந்தால் அதிகம். இவள் என் மகளின் கட்சி.

மூன்றாமவள் கராத்தே. "உன்னைக் கண்டாலே எனக்குப் பிடிக்கல" என்று கத்தி, அவனை ஓர் உதை விட்டு, மூலையில் போய் நின்று அழுவாள். இவளுக்குக் கட்சி, எதிர்வீட்டு டிரைவரம்மா.

டிரைவரம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு நாள் ஸ்குரூ டிரைவர் இரவல் கேட்டு வந்த இந்த பஸ் டிரைவர், "அட, என்னமா உதைக்கறா!" என்று நின்றார். பிறகு சோபாவின் கைப்பிடியில் சாய்ந்தார். அடுத்த சனிக்கிழமை தலையணையோடு வந்தார்.

சனிக்கிழமை நாலு மணி என்றால் எங்கள் ஹால் இப்படித்தான் இருக்கும்.

"அய்யோ, மழையில நிக்கறாளே! குடையை இவன் கையில குடுத்துட்டுத் தான் நனையறாளே! இவளை விட்டா இவனுக்கு வேற யாரு இருக்கா?" இது மனைவி.

"பத்து வருஷமா நனையறாம்மா. இன்னும் அவன் திரும்பியே பார்க்கல. கண்ணாடியைப் பாரு. அவனுக்குக் கவிதை எழுதி, யாரும் எடுக்காத புத்தகமாப் பார்த்து ஒளிச்சு வெச்சிருக்கா." இது மகள்.

"ஒளிச்சு வெச்சு என்னம்மா பிரயோஜனம்? ஹாரனே அடிக்காம ஓரமா நின்னா எவன் வழிவிடுவான்? எங்க கராத்தே விட்டா பாரு ஒண்ணு. அதுக்குப் பேருதான் அன்பு!" இது டிரைவரம்மா.

மூவரும் ஒன்றுசேரும் இடம் ஒன்றே ஒன்று. திருதிரு விழிக்க ஆரம்பித்ததும், ஒரே குரலில், "யாராவது ஒருத்திகிட்ட சொல்லித் தொலையேண்டா!"

ஒரு தடவை வாய் சும்மா இல்லாமல், "பாவம், அவன் யார் மனசையும் நோகடிக்க வேண்டாம்னு பார்க்கறான்" என்று சொல்லிவிட்டேன். மூன்று தலைகளும் திரும்பின. டி.வி.யில் கராத்தே பார்க்கிற அதே பார்வை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். காலையிலிருந்து மாலை வரை நான் கேட்பது ஒரே கேள்வி. "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" தேர்ந்தெடுப்பது எதிரே உட்கார்ந்திருப்பவர் பாடு. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

அப்படிப்பட்டவன் தலையில்தான் அந்த ஓட்டு வந்து விழுந்தது.

ஒன்பதாவது வாரம். நாலரை மணிக்குப் பாகம் முடிந்ததும், தொடரை ஒளிபரப்பும் கம்பெனி அறிவித்தது: 'உங்கள் மனம் கவர்ந்த பெண் யார்? வாக்களியுங்கள்!' ஒரு கணக்குக்கு ஒரு ஓட்டு. கணக்கு என் பேரில். ஓட்டுப் பக்கம் வந்தது என் போனில். கடைசிப் பாகம் வரும் நாளன்று, நாலு மணி வரை அவகாசம். அதாவது மூன்று வாரம்.

உறுதி எடுத்தேன். யார் பக்கமும் சாய்வதில்லை.

சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, பரணைச் சுத்தம் பண்றேன்னு சொன்னீங்கள்ல? அவசரமே இல்ல. மெதுவாப் பண்ணிக்கலாம்."

மூன்று வருஷமாக அந்தப் பரணைச் சொல்லியே என்னைக் காய்ச்சி எடுத்தவள்! நான் உருகிப்போனேன். "என் ஓட்டு பின்னலுக்குத்தான். அந்தப் பொண்ணைப் பார்த்தா எனக்கு உன் ஞாபகம்தான் வருது" என்றேன்.

பால்கனிக்கு வந்தேன். "அப்பா, போன் மெதுவா ஓடுதுன்னு சொன்னியே, குடு, சரி பண்ணித் தர்றேன்" என்றாள் மகள். இரண்டு மாதமாக "அப்புறம்ப்பா" என்றவள். குரல் தழுதழுக்க, "என் ஓட்டு கண்ணாடிக்குத்தாம்மா. அந்தப் பொண்ணைப் பார்த்தா எனக்கு உன் ஞாபகம்தான் வருது" என்றேன்.

காய்கறி வாங்கப் படியிறங்கினேன். டிரைவரம்மா. "சார், காலையில எட்டு மணி வண்டியில முன் சீட்டு உங்களுக்குத்தான். என் சாப்பாட்டுப் பையைப் போட்டு வெச்சுடறேன்."

அந்த வண்டியில் நான் பதினோரு வருஷமாக நின்றுகொண்டே போகிறவன். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "என் ஓட்டு கராத்தேக்குத்தான். அந்தப் பொண்ணைப் பார்த்தா எனக்கு உங்க ஞாபகம்தான் வருது."

"நிஜமாவா சார்!" என்று சந்தோஷத்தில் முதுகில் ஒன்று வைத்தார். நான் மூன்று படி ஒரே தடவையில் இறங்கினேன்.

திட்டம் என்ன தெரியுமா? ஓட்டே போடக் கூடாது. முடிவு வரட்டும். ஜெயித்த கட்சியிடம், "பார்த்தியா, என் ஓட்டு!" என்பது. தோற்ற கட்சிகளிடம், "என் ஒரு ஓட்டு என்ன பண்ணும், சொல்லு" என்று பெருமூச்சு விடுவது. ஓட்டு ரகசியம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

அந்த மூன்று வாரம் நான் வாழ்ந்தது வாழ்க்கை. பேருந்தில் ஜன்னலோரக் காற்று. போன் பறந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் படுத்துக்கொண்டே பரணை அண்ணாந்து பார்ப்பேன். அது என்னைப் பார்க்கும். இருவரும் அவரவர் இடத்திலேயே நிம்மதியாக இருந்தோம்.

கடைசி சனிக்கிழமை. மூன்றரை மணி. கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

போனேன். சோபாவில் மூவரும் வரிசையாக. எதிரே ஒரு முக்காலி, காலியாக. மனைவி மடியில் சுருக்கெழுத்து நோட்டு. விஷயம் இதுதான்: டிரைவரம்மா காலையில் படிக்கட்டில் என் மனைவியிடம், "என்ன இருந்தாலும் சார் ஓட்டு எங்களுக்குத்தான்" என்று பெருமையடித்திருக்கிறார். பிறகு மூவரும் உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

"உட்காருங்க. படிக்கறேன். தப்பிருந்தா சொல்லுங்க" என்றாள் மனைவி. "மூணு வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை. நாலு முப்பத்தஞ்சு, சமையலறை. 'அந்தப் பொண்ணைப் பார்த்தா எனக்கு உன் ஞாபகம்தான் வருது.' நாலு நாற்பத்தஞ்சு, பால்கனி. 'அந்தப் பொண்ணைப் பார்த்தா எனக்கு உன் ஞாபகம்தான் வருது.' நாலு அம்பத்தஞ்சு, மாடிப்படி. 'அந்தப் பொண்ணைப் பார்த்தா எனக்கு உங்க ஞாபகம்தான் வருது.'"

"ஒரு வார்த்தைகூட மாத்தலையேப்பா!"

"எனக்கு மட்டும் 'உங்க'ன்னு மரியாதை குடுத்திருக்காரு" என்றார் டிரைவரம்மா. "நான் வேற எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப்போனேன் சார்."

"ஒரே மனுவை மூணு கோர்ட்டுல போட்டிருக்கார்" என்றாள் மனைவி.

"இல்ல... யார் மனசையும் நோகடிக்க வேண்டாம்னு..."

"அவனுக்குப் பதினாறு வயசு. உங்களுக்கு நாற்பத்தெட்டு."

நான் விழித்தேன். அவ்வளவுதான், டி.வி.யைப் பார்ப்பது போலவே என்னைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"அம்மா, காது சிவக்குது பாரு!"

"முழியைப் பாருடி. அச்சு அசல்!"

"கதைப்படி இந்த இடத்துல ஓர் உதை விழணும்மா" என்றார் டிரைவரம்மா, ஆசையாக.

மனைவி கையை உயர்த்தினாள். "இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. எங்க கண் முன்னாடி போடுங்க. யாருக்கு வேணும்னாலும் போடுங்க, கோவிச்சுக்க மாட்டோம். ஆனா உங்க மனசுல இருக்கறதைச் சொல்லிட்டுப் போடுங்க."

முக்காலி சுட்டது. பின்னல் என்றால் மகள் முகம் வாடும். கண்ணாடி என்றால் பரண். கராத்தே என்றால் இந்த வீட்டில் எனக்கு இடமே கிடையாது. கடிகாரத்தில் முள் நகர்கிற சத்தம் கேட்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வாரத்தில் எனக்கு யாரைப் பிடிக்கும் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டேன். பதில் சட்டென்று வந்தது.

"மூணு பேரும் இல்ல" என்றேன். "நாலாவதா ஒருத்தி இருக்காளே. பள்ளிப் பத்திரிகை அச்சடிக்கற பொண்ணு. கையெல்லாம் மை. வாரத்துக்கு ரெண்டு நிமிஷம்தான் வருவா. திருதிரு மேல அவளுக்கு ஒரு ஆசையும் இல்ல. அவன் போய் முழிச்சா, 'சொல்றதுன்னா சொல்லு, இல்லேன்னா இந்தக் காகிதக் கட்டைத் தூக்கு'ன்னு சொல்வா. அவளைத்தான் பிடிக்கும். எனக்கு அப்படி யாராவது அதட்டிச் சொன்னாத்தான் கை கால் ஓடும்."



"அப்பாவுக்கு ரசனை இருக்கும்மா" என்றாள் மகள் மெதுவாக.

"நல்ல பொண்ணு சார். தன் வேலையைப் பார்க்கற பொண்ணு" என்றார் டிரைவரம்மா.

நெஞ்சு நிமிர்ந்தது. உண்மையைச் சொல்வது இவ்வளவு சுகம் என்றால் கல்யாணமான புதிதிலேயே ஆரம்பித்திருக்கலாம். போனை எடுத்தேன். என் வாழ்நாளின் முதல் சொந்த முடிவு. பட்டியலில் கடைசியாக இருந்த மைக்காரியின் படத்தை, மூவரும் பார்க்க, கட்டைவிரலால் அழுத்தினேன்.

'இந்தக் கணக்கின் வாக்கு ஏற்கெனவே பதிவாகிவிட்டது' என்றது போன். கீழே தேதி. மூன்று வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, மாலை ஆறு மணி.

நிமிர்ந்தேன். மகள் உதட்டைப் பிதுக்கினாள். டிரைவரம்மா தலையை ஆட்டினார். மனைவி நோட்டை மூடிக்கொண்டிருந்தாள்.

"குளிக்கப் போனீங்க. போன் மேசை மேல இருந்துச்சு" என்றாள்.

"அப்ப பின்னலுக்குப் போட்டுட்ட?"

"மைக்காரிக்குப் போட்டேன்."

"எனக்கு அவளைப் பிடிக்கும்னு எனக்கே இப்பதானே தெரியும்! உனக்கு எப்படி..."

"அவ வர்ற ரெண்டு நிமிஷம் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கறீங்க. நீங்களா என்னிக்காவது வாயைத் திறந்து சொல்றீங்களான்னு பார்த்தேன்."

"சொன்னேனே இப்ப!"

"சொன்னீங்க, சொன்னீங்க. நாலு மணி ஆயிடுச்சு. முக்காலியைத் தள்ளிப் போடுங்க, டி.வி. மறைக்குது."