ஜாகாவுக்கு எழுதிக் கொடுக்க ஆளில்லை

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கும் கவலைகளில் பாதி ஒரே மனிதரிடம் இருந்தது. மீதிப் பாதியையும் அவர் மற்றவர்களிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்வார். அவரை எல்லோரும் ஜாகா என்றுதான் கூப்பிடுவோம். அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அதை அவரே எப்போதாவது எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

டிவியில் ஒரு காமெடித் தொடர் பல வருஷம் ஓடியது. அதில் அவர் ஒரு கொண்டோ குடியிருப்புக்கு ஜாகா. இரவெல்லாம் காவல் காக்க வேண்டிய ஆள், இருட்டைப் பார்த்தாலே நடுங்குவார். பூனை குறுக்கே போனால் கையிலிருக்கும் டார்ச் லைட் தானாகக் கீழே விழும். குடியிருப்பவர்கள் எட்டிப் பார்த்தால் முதுகை நிமிர்த்திச் சொல்வார்: "நீங்க பயப்படாதீங்க லா, அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்!" இந்த ஒரு வரியை பூச்சோங்கில் பல் டாக்டர் சொன்னார், செராஸில் டியூஷன் டீச்சர் சொன்னார், ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையே மணவறையில் உட்கார்ந்து சொன்னார்.

நான் அந்தத் தொடருக்கு சவுண்டு ரெக்கார்டிஸ்ட். அதனால் என் பெயரும் சவுண்டு.

ஒவ்வொரு டேக் முடிந்ததும் நேராக என்னிடம் வருவார்.

"சவுண்டு, சிரிச்சியா?"

"சிரிச்சா ரெக்கார்டிங்ல விழும்ணே."

"அப்ப சிரிப்பு வந்து அடக்கினியா?"

"அடக்கினேன்."

"கஷ்டப்பட்டு அடக்கினியா, சும்மா அடக்கினியா?"

வேஷத்தைக் கலைத்த பிறகும் அவர் அதே ஆள்தான். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார மாட்டார், என்னை உட்கார வைப்பார். மோனோரயில் தலைக்கு மேலே போனால் அது போய்ச் சேரும்வரை வாயில் சோற்றை வைத்துக்கொண்டு காத்திருப்பார். பூச்சோங் வீட்டில் காரை எடுக்கும்போதே டோல் கார்டைப் பல்லில் கடித்துக்கொள்வார். ஒருநாள் போலீஸ் நிறுத்தி என்னவோ கேட்டபோதும் கார்டை எடுக்காமலேயே பதில் சொன்னார்.

இந்த மனிதரைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியவர்கள் மணியம், சரசு என்ற புருஷன் பெண்டாட்டி. கிள்ளானில் அச்சுக்கடை வைத்திருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகைக்கும் கோயில் நோட்டீஸுக்கும் நடுவில் உட்கார்ந்து எல்லா எபிசோடையும் எழுதியது அவர்கள்தான். மணியம் கதையைச் சொல்வார். சரசு அக்கா அதைக் கேட்டுவிட்டு, "இது வேணாம்," என்பார். வேணாம் போக மிஞ்சியதுதான் தொடர். அந்தச் சம்பள வசனமும் அக்காவுடையது.

கெட்ட நேரம் ஒரு தே தாரிக் கடையில் வந்தது. ஓர் அங்கிள் எழுந்து வந்து ஜாகாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, அந்த வசனத்தைச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுக் கேட்டார்: "சூப்பர் லா! யாரு எழுதறது?"

ஜாகா அதற்குப் பிறகு தேத்தண்ணியைத் தொடவில்லை.

"யாரு நடிக்கிறதுன்னு கேட்டானா பாரு," என்றார் காரில். ஃபெடரல் ஹைவே முழுக்க அதையே சொன்னார். வழக்கமாக இடது ஓரத்தில் ஊர்கிறவர் அன்று நடு லேனுக்கே வந்துவிட்டார். அப்போதே எனக்குப் பயம் தட்டியது.

அடுத்த வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போனார். கடைக்குள் நுழைந்ததும் நின்றபடியே, மனப்பாடம் செய்ததைச் சொன்னார்.

"இனிமே நானே எழுதிக்கலாம்னு இருக்கேன். நீங்க வேற மாதிரி நினைக்கக் கூடாது."

மணியத்தின் முகம் சிவந்தது. சரசு அக்கா கையிலிருந்த காகிதக் கட்டைத் தட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டே, "எப்ப இருந்துண்ணே?" என்றார்.

"இப்ப இருந்து."

"அப்ப நாளைக்கு அனுப்ப வேண்டிய எபிசோடு?"

ஜாகா அதை யோசித்திருக்கவில்லை. "அதை மட்டும் கொடுத்துடுங்க," என்றார். கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தோம். இப்படி ஒரு பிரிவை நான் எங்கும் பார்த்ததில்லை.

எழுதுவதற்குப் போர்ட்டிக்சனில் கடலைப் பார்த்த மாதிரி அறை எடுத்தார். துணைக்கு நான். புதுப் பேனா, புதுக் காகிதம். "காட்சி ஒன்று. கேட்," என்று எழுதிவிட்டுக் கடலைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து ரிசப்ஷனைக் கூப்பிட்டார்.

"பாஸ், இந்தப் பக்கம் சுனாமி வருமா?"

"இதுவரைக்கும் வரல சார்," என்றான் அந்த ஆள்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "'இதுவரைக்கும்'னு ஏன் சொன்னான்?"

அதோடு போர்ட்டிக்சன் முடிந்தது. அந்தக் காகிதத்தில் கேட் மட்டும் நின்றது, ஜாகா வரவேயில்லை.

பிறகு செராஸில் ஓர் இலக்கியவாதியைப் பிடித்தார். நல்ல மனிதர், நிறையப் படித்தவர். அவர் எழுதிய ஸ்கிரிப்டில் ஜாகா கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, தான் கேட்டுக்கு உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று பக்கம் பக்கமாக யோசிப்பார். நம் ஆள் பயபக்தியோடு வாசித்துவிட்டு, "சார், சிரிப்பு எங்க வரும்?" என்று கேட்டார்.

"வீட்டுக்குப் போனதும் வரும்," என்றார் அவர்.

அதையும் எடுத்தோம், ஒளிபரப்பினார்கள். ஏற்கெனவே வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. டிவிக்காரர்கள் தொடரை நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்து, போனில் வீடியோ போட்டுப் பேர் வாங்கிய ஒரு பெண். "அங்கிள், இப்பல்லாம் பதினஞ்சு செகண்ட்தான். டக்குனு சிரிக்க வைக்கணும்," என்றாள். ஜாகா தொண்டையைச் செருமினார், மேலே விசிறி இருக்கிறதா என்று பார்த்தார், "ஆரம்பிக்கலாமா?" என்றார். நேரம் முடிந்துவிட்டது. அவள் அந்தச் செருமலையே போட்டாள். அது நன்றாக ஓடியது. அவருக்குத்தான் மனசு விட்டுப்போனது.

அதன் பிறகு அவரிடமிருந்து போன் வருவது நின்றது.

இது சின்ன விஷயமில்லை. மழை பெய்தால் என் கார் டயரைப் பற்றி விசாரிக்கிறவர் அவர். என் மனைவியின் பிரஷர் மாத்திரை எனக்கு மறந்தாலும் அவருக்கு மறக்காது. அப்படிப்பட்டவர் பேசாமல் இருந்தால் எதை நினைப்பது? அண்ணி வேறு மகள் பிரசவத்துக்காகப் பினாங்கு போயிருந்தார். நான் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கண்டதெல்லாம் தோன்ற ஆரம்பித்தது. தாங்க முடியாமல் ஒரு மத்தியானம் வேலையைப் போட்டுவிட்டு பூச்சோங்குக்கு ஓடினேன்.

கதவு பூட்டாமல் இருந்தது. கேஸ் சிலிண்டருக்கே பூட்டுப் போட்டவர் வீடு அது.

ஹாலில் உட்கார்ந்திருந்தார். டிவியில் அவருடைய பழைய எபிசோடு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உதடு மட்டும் கூடவே அசைந்தது. நாலு நாள் தாடி. மேசையில் கடையிலிருந்து தபாவ் செய்த சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"சவுண்டு, வா. இந்த ஆள் எவ்வளவு நல்லாப் பண்றான் பாரு."

"அது நீங்கதான்ணே."

"இல்ல லா. இவனுக்கு அடுத்து என்ன பேசணும்னு தெரியுது."

பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். அண்ணியைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். அன்று முதல் வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் பூச்சோங் என் ரூட்டில் சேர்ந்துகொண்டது. எனக்கும் அவர் வியாதி ஒட்டிக்கொண்டது. அவர் போனை எடுக்கத் தாமதமானால் எனக்கு வியர்க்கும்.

அந்தச் சமயம் பார்த்துக் கிள்ளானிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு தமிழ்ப்பள்ளியின் கட்டட நிதி விருந்து, மேடையில் ஜாகா கொஞ்ச நேரம் சிரிக்க வைக்க வேண்டும். நான் வேண்டாம் என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். "இதுல நிக்க முடியலன்னா நான் இனிமே நிக்கப்போறதில்ல," என்றார். அதை அவர் சாதாரணமாகச் சொன்ன விதம்தான் என்னைக் கலக்கியது.

விருந்தன்று காரை வெளிவாசலைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். மண்டபத்தில் கதவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொண்டார். நான் ஒலிமேசையில் உட்கார்ந்தேன். பரதநாட்டியம் முடிந்தது, அவர் பழைய ஜாகா சட்டையில் மேடைக்கு வந்தார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

முதல் ஜோக் சொன்னார். கரண்டிச் சத்தம் கேட்டது. இரண்டாவது சொன்னார். முன் மேசையில் இறால் உரிக்கும் சத்தம்கூட மைக்கில் விழுந்தது. மூன்றாவதைப் பாதியில் மறந்தார். என் கை அவருடைய மைக் வால்யூம் மேலேயே இருந்தது. மூடிவிடலாமா, யாரையாவது பாட்டுப் போடச் சொல்லலாமா என்று தவித்தேன்.

முன் மேசை ஆன்டி ஒருத்தர் சத்தமாகக் கேட்டார். "என்ன ஜாகா, பயமா இருக்கா?"

"ஆமா ஆன்டி," என்றார். நடிப்பே இல்லை. "ரொம்பப் பயமா இருக்கு. இந்த மண்டபத்துல மூணு கதவு. ஒண்ணுக்கு முன்னால ஐஸ்கிரீம் பெட்டியை வச்சிருக்காங்க."

மண்டபம் சிரித்தது. அவர் திடுக்கிட்டார். நிறையப் பேர் திரும்பி ஐஸ்கிரீம் பெட்டியைப் பார்த்தார்கள். உடனே பின்னாலிருந்து, "ஜாகா, அந்த வசனத்தைச் சொல்லுங்க லா!" என்று குரல் வந்தது. ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அவர் சொல்லவில்லை. "அது என் வசனம் இல்ல," என்றார். "இந்த ஊர்ல அச்சுக்கடை வச்சிருக்காங்க. மணியன், சரசு. அவங்க எழுதினது. எல்லாமே அவங்க எழுதினது. நான் அவங்களை வேணாம்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே வரல."

இதற்கு எப்படி நடந்துகொள்வதென்று விருந்துக்கு வந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தர் எழுந்து ஆட்டிறைச்சி எடுக்கப் போனார். ஒரே ஒரு கைதட்டல் மட்டும் பெரிதாகக் கேட்டது. ஜாகா கும்பிட்டுவிட்டு இறங்கினார், ஐஸ்கிரீம் பெட்டி இல்லாத கதவு வழியாக.

காரில் கேட்டார்: "யாரும் கை தட்டலல்ல?"

"ஒருத்தர் தட்டினாரே."

"யாரு?"

"நான்தான். என் மேசை மைக்குக்குப் பக்கத்துல தட்டிட்டேன், ஸ்பீக்கர்ல வந்துருச்சு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று காரை ஓரம் கட்டினேன். சிரித்துக்கொண்டிருந்தார். அழவும் செய்தார் என்று நினைக்கிறேன். இரண்டையும் பிரித்துக் காட்ட என்னிடம் கருவி இல்லை.

மறுநாள் காலை நான்தான் அவரை அச்சுக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மணியம் மெஷினை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"நேத்து டின்னர்ல எங்க பேரைச் சொன்னீங்களாம். பூக்கடைக்காரம்மா சொன்னாங்க!"

"ஆமா மணியம்."

"தப்பாச் சொன்னீங்களாம்! மணியன்னு!"

ஜாகாவின் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் போய்விட்டது. சரசு அக்கா வந்து மெஷினை நிறுத்தினார். "அவரு கோபம் அதோட தீர்ந்துச்சு. விடுங்க," என்றார்.

"திரும்பி எழுதுவீங்களா சரசு?"

அக்கா மெஷினில் பாதியில் நின்ற தாளை உருவி எடுத்தார். "இல்லண்ணே. உங்க மேல வருத்தம் இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். இப்ப அதுக்காகச் சொல்லல. ஜாகாவை நாங்க எழுதி முடிச்சுட்டோம். இனிமே எழுதினா அரைச்சதையே அரைப்போம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், நிறுத்தத் தெரியாத மாதிரி.

"ஒரு டிவி நாடகத்துல அப்பா வேஷம் இருக்கு," என்றார் அக்கா. "வேற ஆள் எழுதினது. டைரக்டர் என்கிட்ட யாராவது இருக்காங்களான்னு கேட்டாரு. வசனம் ரொம்பக் கம்மி. உங்களைச் சொல்லவா?"

"யாரும் சிரிக்கலன்னா?"

"சிரிச்சாத்தான்ணே பிரச்னை."

அந்த நாடகத்துக்கும் நான்தான் சவுண்டு. ஆஸ்பத்திரி வராந்தா, மகளுக்கு உள்ளே ஆபரேஷன், வெளியே அப்பா. ஆக்‌ஷன் சொன்னதும் அவர் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார், மாட்டினார். கதவைப் பார்த்தார். நர்ஸ் வந்ததும் எழுந்தார். அவள் வேறு யாரையோ தேடி வந்தவள் என்று தெரிந்ததும், அவளுக்குச் சங்கடமாகிவிடக் கூடாதே என்று, சும்மா எழுந்தவர் மாதிரி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். டைரக்டர் கட் சொல்ல மறந்து நின்றார்.

கட் சொன்னதும் நேராக என்னிடம் வந்தார்.

"சவுண்டு, யாராவது சிரிச்சாங்களா?"

"இல்லண்ணே."

"அப்பாடா."

இப்போது அவருக்கு இந்த மாதிரி வேஷங்கள்தான் வருகின்றன. காத்திருக்கும் அப்பா, ஜாமீன் கையெழுத்துப் போட வந்த மாமா. வேலை நிறைய இல்லை, அது பற்றியும் கவலைப்படுகிறார். போன் பழையபடி வருகிறது, டயர் விசாரணை நடக்கிறது.

எடிட்டிங்கில் ஒரு வழக்கம் உண்டு. நடிகர்கள் பேசுவதற்கு முன்னால் இழுக்கும் மூச்சை நாங்கள் வெட்டி எடுத்துவிடுவோம், வசனம் சுத்தமாக இருக்கும். எல்லோருடையதையும் வெட்டுகிறேன். அவருடைய மூச்சை மட்டும் இன்றுவரை நான் வெட்டியதில்லை.