கோஸ்தான் அங்கிளின் ஊழியம்

மலேசியாவில், எங்கள் உலு திராமில், கோஸ்தான் அங்கிள் கைகாட்டி, எங்கும் இடிக்காமல் நின்ற காடி (காரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஒன்றுகூடக் கிடையாது. என் பழைய காடியின் பின் பம்பரே அதற்குச் சாட்சி. இத்தனைக்கும் மனிதர் பழைய லோரி டிரைவர். சாஆ பக்கத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றியவர். தன் லோரியை எந்தச் சந்துக்குள்ளும் நுழைத்துவிடுவார். அடுத்தவர் காடியை மட்டும் நேராகச் சாக்கடைக்குள் இறக்கிவிடுவார்.

‘கோஸ்தான்’ என்றால் வண்டியைப் பின்னால் எடு என்று அர்த்தம். மலாய்க்காரர், சீனர், நாம் என்று எல்லாரும் சொல்வதுதான். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தால் அடுத்த தெருப் பூனை எழுந்து ஓடும். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் சபையில் யாருக்கும் ஞாபகமில்லை. ஞானஸ்நானம் கொடுத்த பாஸ்டருக்கே யோசிக்க வேண்டியிருந்தது.

எங்கள் சபை ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. அங்கே பாட்டு, ஓய்வுநாள் பள்ளி, சமையல் என்று பாதி வேலை அங்கிளின் மனைவி ஞானம் ஆன்ட்டியின் தலையில்தான் இருந்தது. அங்கிள் ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகத் தூங்குவார். ஜெபம் முடியும்போது ஆன்ட்டி முழங்கையால் ஒரு இடி இடிப்பார். இவர் “ஆமென்!” என்று அலறி எழுந்திருப்பார். பல வருஷம் இது ஒன்றுதான் அவர் செய்த ஊழியம்.

ஆன்ட்டி ஒரு மழைக்காலத்தில் சர்க்கரை முற்றிப் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறே அங்கிள் பாஸ்டர் முன்னால் வந்து நின்றார்.

“பாஸ்டர், அவ செஞ்ச வேலையில ஏதாச்சும் ஒண்ண எனக்குக் குடுங்க.”

“மொதல்ல கொஞ்ச நாள் சும்மா வந்து உக்காருங்க அங்கிள்.”

“அதான் முடியாது லா. வேல குடுங்க.”

பாஸ்டர் நல்ல மனிதர். மறுக்கத் தெரியாதவர். அங்கேதான் எங்களுக்குச் சனி பிடித்தது. கிறிஸ்தவச் சனி என்று ஒன்று இருந்தால்.

முதலில் பாடகர் குழு. சனிக்கிழமை மாலை ஒத்திகையில் அங்கிள் வாயைத் திறந்தார். அடுத்த நிமிஷம் கீழே இருந்து டயர் கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, கையில் ஸ்பானரோடு படியேறி ஓடி வந்தார். யாருக்கு அடிபட்டது, ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று மலாயில் கேட்டார். அடிபட்டது பாட்டுக்குத்தான் என்று எப்படிச் சொல்வது?

பிறகு ஓய்வுநாள் பள்ளி. நோவாவின் பேழைக் கதை. இவர் பேழையை லோரியாக்கிவிட்டார். யானையைப் பின்பக்கம் ஏற்றினால் எடை ஒரு பக்கம் சாயும், ஒட்டகத்தைக் கயிறு போட்டுக் கட்டணும், தார்ப்பாயை இப்படி இழுத்து முடியணும் என்று பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி இறக்கி, ஒரே அமர்க்களம். பாஸ்டர் எட்டிப் பார்த்து, “இந்தக் கதையில ஆண்டவர் நமக்கு என்ன சொல்றாரு?” என்று கேட்டார். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்: “ஓவர்லோட் பண்ணக்கூடாது!”

அதற்கப்புறம் சமையல். ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே, பின்னால் இருந்த சமையலறையில் காய்ந்த மிளகாயைக் கைநிறைய அள்ளி எண்ணெயில் போட்டார். நெடி மண்டபம் முழுக்கப் பரவியது. சபையே கண்ணீரும் மூக்குமாகத் தேம்பியது. அன்று வெளியூரிலிருந்து வந்த போதகருக்கு விஷயம் தெரியாது. “ஆவியானவர் அசைவாடுகிறார்!” என்று பரவசமாகி, முடிக்க வேண்டிய பிரசங்கத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டவர்கள் பிழைத்தோம்.

“அங்கிள், கீழ போய்க் காடி நிறுத்துறதப் பாத்துக்கிறீங்களா?” என்றார் பாஸ்டர். கீழே கெடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்தார், பாவம்.

மறுவாரம் மஞ்சள் சட்டை, விசில், கையில் சிவப்புத் துணியோடு அங்கிள் ஆஜர். “பிரைஸ் த லார்ட்! பசியாறியாச்சா? கோஸ்தான்! கோஸ்தான்! இன்னும் வா, இடம் இருக்கு, வா வா… அலமாக்!” ‘ஐயோ’ என்கிற இந்த ‘அலமாக்’கிற்குள் சாக்கடைக் கம்பியில் டயர் கிழிந்திருக்கும். அதுவரை ஞாயிறு பூட்டிக் கிடந்த டயர் கடையைத் தவுக்கே காலையிலேயே திறக்க ஆரம்பித்தார். அங்கிளுக்கு வாராவாரம் கோப்பி வேறு.

ஆனால் அங்கிள் மேலே வருவதே இல்லை. ஆராதனை முடியும்வரை வெயிலோ மழையோ கீழேதான் நிற்பார். “காடிய யார் லா பாத்துக்கிறது?” என்பார். நாங்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவோம்.

அப்புறம் என் அம்மா இறந்தார். சபையில் என் பக்கத்து நாற்காலி அம்மாவுடையது. பல மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு ஞாயிறு எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டு வந்து காடியை நிறுத்தினேன். மேலேயிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. அம்மாவுக்குப் பிடித்த பாட்டு. அவ்வளவுதான், கை தானாகப் பின் கியரைப் போட்டது. வீட்டுக்கே போய்விடலாம்.

கண்ணாடியில் பார்த்தால், காடிக்கு நேர் பின்னால் அங்கிள் நிற்கிறார். ஹார்ன் அடித்தேன். அசையவில்லை.

“அங்கிள், நகருங்க. நான் வீட்டுக்குப் போகணும்.”

“போலாம் மா. இப்ப கோஸ்தான் பண்ண முடியாது. பின்னாடி இடமில்ல.”

திரும்பிப் பார்த்தேன். அங்கிளுக்குப் பின்னால் ஒரு சைக்கிள்கூட இல்லை. ஒரு லோரியே திரும்பலாம்.

ஆயுசுக்கும் எல்லாரையும் பின்னால் போகச் சொன்ன மனிதர், அன்றைக்கு என்னை மட்டும் விடவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இன்ஜினை நிறுத்தினேன். அவர் ஜன்னல் பக்கம் வந்து, சிவப்புத் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்:

“அவ போனதுலேர்ந்து எனக்கும் அங்க உக்கார முடியல மா. கையில வேல இருந்தா ஏறிடுவேன். சும்மா உக்காந்தா, பக்கத்துல இடிக்க ஆளில்ல. அதான் வேல வேலன்னு பாஸ்டர் உசுர எடுத்தேன்.” மடித்த துணியைப் பையில் செருகிவிட்டு, “நீ வர்றதா இருந்தா நானும் வரேன். ஒன்ன மேல கொண்டு விடுறதும் வேலதானே?”

சேர்ந்து ஏறினோம். அவர் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்தில் தூங்கியும் விட்டார். ஜெபம் முடியும்போது நான் முழங்கையால் இடித்தேன். “ஆமென்!” என்று அவர் அலறியதில் முன் வரிசைக் குழந்தை வீறிட்டது. அன்றிலிருந்து வாராவாரம் இது என் ஊழியமாயிற்று.

அங்கிளுக்கு முழங்கால் தேய்ந்துபோனபின் மகள் அவரைச் சிகாமட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். என் காடியும் மாறிவிட்டது. இப்போது பின்னால் பார்க்கக் கேமரா உண்டு, கீச் கீச்சென்று எச்சரிக்கைச் சத்தம் உண்டு. ஒரு கீறல் விழுவதில்லை. எனக்கு அது பிடிக்கவும் இல்லை. நாற்காலி காலியாக இருக்கிறது. மனசு அவரைத் தேடுகிறது.

போன ஞாயிறு காடியை நிறுத்தப் போகும் நேரம் அங்கிளின் அழைப்பு.

“எங்க மா இருக்க?”

“சபைக்குக் கீழ, அங்கிள். பார்க்கிங்ல.”

“போனை ஸ்பீக்கர்ல போடு லா!”

போட்டேன். கேமராவை அணைத்தேன். சிகாமட்டிலிருந்து, எதையும் பார்க்காமல், பழைய குரலில் கத்தினார்: “கோஸ்தான்! கோஸ்தான்! இன்னும் வா, இடம் இருக்கு… போதும்! நேரா நிக்குதா மா?”

இறங்கிப் பார்த்தேன். ஒரு சக்கரம் மஞ்சள் கோட்டுக்கு வெளியே, பின்பக்கம் சாக்கடை ஓரத்தில், காடி கோணலாக நின்றது.

“ரொம்ப நேரா நிக்குது அங்கிள்” என்றேன். அதை அப்படியே விட்டுவிட்டுப் படியேறினேன்.