தூக்கிப் பார்த்து வாங்கிய கார்

மோட்டார் காரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அது குற்றமில்லை. ஒன்றுமே தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

எழுபதுகளில் ஒரு வருஷம். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறிக் குழியில் காலை விட்டுக்கொண்டு, நாள் முழுக்கப் பட்டு நெய்துகொண்டிருந்தேன். நெய்த புடவைகளை மெட்ராஸ் கடைகளுக்குக் கொண்டுபோவது நைனாவின் வேலை (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்). அந்த வேலைக்கு நான் ஏங்கினேன். குழியிலிருந்து எழுந்து, தலையைப் படிய வாரிக்கொண்டு, மெட்ராஸ் போய்வரும் வாழ்க்கை! அதற்கு ஒரு கார் இருந்தால் போதும் என்று முடிவு கட்டினேன். சாதாரணக் கார் அல்ல. கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையை ஒட்டிப் போகும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மெட்ராஸில் ஒரு பெரிய மனிதர் விற்பதாகத் தகவல் வந்திருந்தது.

நைனா ஒப்புக்கொண்டதே ஆச்சரியம். ஆனால் ஒரு நிபந்தனை.

"மொத நாளு சரக்கோட நானும் வருவேன். நல்லபடியா மெட்ராஸ் போய் சேந்துட்டா, இனிமே கடை வேலை உன்னுது. நடுவுல நின்னுச்சுன்னா, தறியில போய் உக்காரணும். அப்பால காரு கீருன்னு வாயத் தொறக்கக் கூடாது. இன்னா சொல்ற?"

நான் மனசுக்குள் ஏற்கெனவே மெட்ராஸ் போய்ச் சேர்ந்திருந்தேன்.

காரைப் பார்க்கத் துணைக்கு ஏழுமலையை அழைத்துப் போனேன். மாகறலில் விவசாயம் செய்யும் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். அவன் வயல் கிணற்றில் ஒரு காலத்தில் ஆயில் இன்ஜின் ஓடியதால், எங்கள் இருவரில் அவன்தான் நிபுணன்.

பெரிய மனிதர் காரின் மூக்கைத் திறந்து காட்டினார். உள்ளே காலி. (இன்ஜின் இல்லாத காரை அன்றுதான் பார்க்கிறேன். "நல்லா சுத்தமா வெச்சிருக்கீங்க சார்" என்று பாராட்டினேன்.) பக்கத்தில் தரையில் இரண்டு இன்ஜின்கள் இருந்தன. எது வேண்டுமோ அதை மாட்டித் தருவாராம்.

"இந்தச் சின்னது வண்டியோட கூடப் பொறந்தது தம்பி. பெட்ரோல். பறக்கும். ஆனா செலவு வைக்கும், ஒரு பார்ட் போனா சீமையிலேருந்து வரணும். அது டீசல். செலவு கம்மி, எந்த ஊர்லயும் ரிப்பேர் பண்ணுவாங்க. ஆனா இந்த வண்டிக்கு ரொம்ப வெயிட்டு. யோசிச்சுக்குங்க."

"பெட்ரோல் விக்கிற வெலையில, போற வழியிலயே பொடவைய ஒண்ணொண்ணா பங்க்குல குடுத்துக்கினே போவணும்டா" என்றான் ஏழுமலை.

அது நியாயம்தான். ஆனால் என் முடிவுக்குக் காரணம் அதுவல்ல. எங்கள் ஊரில் புடவையின் தரத்தை எப்படிப் பார்ப்பார்கள்? மடித்த புடவையை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் அசல் பட்டு, அசல் ஜரிகை. லேசாக இருந்தால் ஏதோ தில்லுமுல்லு. இதைப் பார்த்தே வளர்ந்த நான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தேன். நானும் ஏழுமலையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கியதில் பெட்ரோல் இன்ஜின் ஒரு சாண் மேலே வந்துவிட்டது. எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அடுத்து டீசல். பெரிய மனிதரின் டிரைவரும் வந்து கை கொடுத்தார். அசையவில்லை. என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இதான் சார் சரக்கு!" என்றேன், இடுப்பைப் பிடித்தபடி.

"தம்பி, வண்டிய ஓட்டப் போறீங்களா, தூக்கப் போறீங்களா?" என்று கேட்டார் அவர். காஞ்சிபுரத்துக்காரனிடமே கனத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. காரை அவருடைய டிரைவர் முந்தின நாளே கொண்டுவந்து விட்டு, எனக்கு ஓட்டவும் சொல்லிக் கொடுத்திருந்தார். மூக்கு தரையைப் பார்த்துக் குனிந்திருந்ததை நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நைனாவை ஏற்றிக்கொண்டு, புடவை மூட்டையை அவர் மடியில் வைத்துக் கிளப்பினேன். தெருவே அதிர்ந்தது.

"யார் வூட்ல பம்புசெட்டு ஓடுது?" என்று எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து கேட்டார்.

அந்த அதிர்வில் நைனாவின் நெற்றி விபூதி உதிர்ந்து மீசையில் தங்கியது. ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போனார், மரியாதையாக மணி அடித்துவிட்டு. ராஜவீதித் திருப்பத்தில், திருவிழாவில் தேர்ச்சக்கரம் பதிந்த பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. காரின் மூக்கு நேராக அதற்குள் இறங்கியது. பின்பக்கம் மெல்ல மேலே எழுந்தது. பின்சக்கரங்கள் காற்றில் சுற்றின. நைனா, மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி, டாஷ்போர்டின் மேல் கவிழ்ந்து கிடந்தார்.

"நிக்கல நைனா!" என்று கத்தினேன். "இன்ஜின் ஓடிக்கினுதான் இருக்குது!"

"இன்ஜின் ஓடுதுடா. வண்டி எங்க ஓடுது?"

விறகு ஏற்றி வந்த மாட்டு வண்டிக்காரர் தன் மாடுகளை அவிழ்த்துக் காரில் கட்டி எங்களை வெளியே இழுத்தார். அப்போதும் அந்த இன்ஜின் ஒரு வினாடி நிற்கவில்லை, பாவி. நைனா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். போகும்போது திரும்பிப் பார்க்காமல், "தறி காலியா இருக்குதுபா" என்றார்.

அன்று தறிக் குழியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிஜமாகவே அழுதேன்.

காரைப் பெரிய மனிதரே திருப்பி எடுத்துக்கொண்டார். டிரைவர் சின்ன இன்ஜினைக் கொண்டுவந்து எங்கள் வாசலிலேயே மாட்டி, சிட்டாகப் பறந்தார். டீசல் இன்ஜின் மாகறலுக்குப் போய் ஏழுமலையின் கிணற்றோரம் உட்கார்ந்து தண்ணீர் இறைத்தது. அங்கே அது ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை.

பொங்கலுக்கு ஏழுமலை ஒரு மூட்டை அரிசியோடு வந்தான். "மாமா, உங்க புள்ள காரு தண்ணி எறச்ச அரிசி" என்று நைனாவின் முன்னால் வைத்தான். அதுவரை காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத நைனா, குனிந்து மூட்டையின் காதைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல கனம்பா" என்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அடுத்த வாரம் சரக்க நீ எடுத்துக்கினு போ. பஸ்ஸுல."

அப்புறம் முப்பது வருஷம் நான்தான் போனேன், பஸ்ஸில். எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்கு மாகறல் அரிசிச் சோறு போடும்போது என் மனைவி, "இன்னும் கொஞ்சம் கார் சோறு போட்டுக்குங்க" என்பாள். போன மாதம் மருமகன் புதுக் கார் பார்க்கக் குடும்பத்தோடு கூட்டிப்போனார். விற்பனைக்காரப் பையன் மூடியைத் திறந்து இன்ஜினைக் காட்டியதும், எல்லோரும் ஓரடி விலகி எனக்கு வழிவிட்டார்கள்.

"மாமா, ஒரு தடவை தூக்கிப் பாத்துடுங்க" என்றார் மருமகன்.