என் கை, உங்கள் கையெழுத்து

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் ஆசி கூறி எழுதுவது. நீங்களும் என் மகளும் சௌக்கியம் என்றே எடுத்துக்கொள்கிறேன். என் சௌக்கியத்தைப் பற்றியும் இந்த இடத்தில் இரண்டு வரி எழுதுவதுதான் முறை. ஆனால் அதைச் சொல்லும் உரிமை இப்போது என்னிடம் இருக்கிறதா, உங்களிடம் இருக்கிறதா என்று தெரியாததால் விட்டுவிடுகிறேன். வீட்டு மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்வது மரியாதை இல்லை. ஆகையால் கீழே வருவதையெல்லாம் நான் சாந்தமாக எழுதியதாகவே வைத்துக்கொண்டு படிக்கவும்.

விஷயம் இதுதான். இந்த முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் ஃப்ளூ காய்ச்சலுக்கு ஊசி போட்டு, அதை வாங்கிக்கொண்ட கிழட்டு உடம்புகள் எவ்வளவு எதிர்ப்புச் சக்தி தயாரிக்கின்றன என்று அளந்து பார்க்க ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார். ஊசிக்கு முன்னால் ஒரு குப்பி ரத்தம், நாலு வாரம் கழித்து இன்னொரு குப்பி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். நல்ல ஆராய்ச்சி, குறை சொல்ல மாட்டேன். நாற்பத்தோரு வருஷம் மில்லில் பாய்லர் பார்த்தவன் நான். பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி, மற்றதெல்லாம் நானே பழைய புத்தகம் வாங்கிப் படித்தது. அளந்து பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது என்பதுதான் என் கட்சியும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சட்டைக் கையை நானே சுருட்டிவிட்டிருப்பேன். கேட்கவில்லையே! "உங்க சம்மதப் பாரம் போன வாரமே வந்துடுச்சு ஐயா, மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாரு" என்றார் தலைமை நர்ஸ். வாங்கிப் பார்த்தேன். கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. அதற்கு மேலே 'இவருடைய நிலையை முழுமையாக அறிந்து சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்திருந்தது. மாப்பிள்ளை, என் நிலையை முழுமையாக எப்போது அறிந்தீர்கள்? என் கால் அளவே உங்களுக்குத் தெரியாது. போன தடவை நீங்கள் வாங்கிவந்த செருப்பில் நானும் இன்னொருவரும் சேர்ந்து நடக்கலாம்.

"கை யாருது?" என்று நர்ஸைக் கேட்டேன். "உங்களுதுதான்." "சம்மதிச்சது யாரு?" "மாப்பிள்ளை." "அப்ப ஊசியையும் அவருக்கே போடுங்க. கூப்பிட்டா வருவாரு, தங்கமான மனுஷன்." அந்த அம்மாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "காலங்கார்த்தால ஆரம்பிக்காதீங்க ஐயா, இன்னும் அறுபது கை பாக்கி இருக்கு" என்று போய்விட்டார்.

என் அறையில் கதவோரக் கட்டில்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா கிடைக்கிற மருந்தை விடக் கூடாது என்ற கொள்கையுள்ளவர். அவருக்கு ஊசி என்றால் விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி. "அண்ணே, உங்க பங்கு வீணாப் போகுதே!" என்று மாய்ந்து போனார். "வேணும்னா அதையும் நீயே போட்டுக்கப்பா" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நான் வாயை மூடுவதற்குள் மனிதர் என் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நிற்கிறார். இங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அறை எண்ணும் கட்டிலும்தான். சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு மேசை. "பதினாலு, கதவு!" என்றதும் தன் பனியனோடு போய் முதல் மேசையில் இடது கையை நீட்டினார். அரை மணி கழித்து அடுத்த மேசையில் "பதினாலு, ஜன்னல்!" என்றதும் என் ஸ்வெட்டர், என் குல்லாவோடு போய் வலது கையை நீட்டினார். அங்கே ஊசி போட்ட பெண் அன்றைக்கு மட்டும் வெளியிலிருந்து வந்தவள். "வலிக்குதா தாத்தா?" என்று கேட்டிருக்கிறாள். "போன ஊசி அளவுக்கு இல்லம்மா" என்று இவர் உளறியிருக்கிறார். போன வருஷத்து ஊசியாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள், தப்பித்தோம். இரண்டு நாள் இரண்டு கையையும் தூக்க முடியாமல் கிடந்தவருக்கு நான்தான் தலை வாரிவிட்டேன். வழுக்கை, ஆனாலும் வாரச் சொல்வார்.

முதல் குப்பி ரத்தத்தை நான் வழக்கமான சோதனை என்று நினைத்து முன்பே கொடுத்துத் தொலைத்திருந்தேன். இரண்டாவது குப்பிக்கு டாக்டரம்மாவே வந்தார். மறுத்தால் குட்டு உடைந்துவிடுமே என்று நீட்டினேன். போன வாரம் முடிவு வந்தது. கண்டக்டருக்குப் பதினாறு மடங்கு ஏறியிருக்கிறதாம்! இந்த வயசில் இப்படி ஏறிப் பார்த்ததில்லை என்று ஆளுக்கு ஆள் கை குலுக்குகிறார்கள். அப்புறம் டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, சாவு வீட்டுக் குரலில், "உங்க உடம்பு எதுவுமே தயாரிக்கலை ஐயா. மனசு விட்டுடாதீங்க. வயசானா எதிர்ப்புச் சக்தியும் கொஞ்சம் அசந்து தூங்கிடும்" என்றார். எனக்கா தூக்கம்? தினம் நடைபாதையில் இருபது சுற்று சுற்றுகிறவன் நான். அந்தக் கண்டக்டர் மாடிப்படியில் நாலாம் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பார். குழாயே பொருத்தாமல் பாய்லரின் அழுத்தம் காட்டும் கேஜில் முள் எங்கிருந்து ஏறும் என்று தொண்டை வரை வந்தது. சொன்னால் நான் திருடன், சொல்லாவிட்டால் கிழவன். இரண்டில் எது தேவலை என்று யோசிப்பதற்குள் டாக்டரம்மா போய்விட்டார், நான் கிழவனாகிவிட்டேன். இதில் கண்டக்டர் வேறு ராத்திரி படுக்கும்போது, "அண்ணே, மூச்சை நல்லா இழுத்து விடுங்க, எல்லாம் தானா ஊறும்" என்று எனக்குப் புத்தி சொல்கிறார். "ஊறுனதுல பாதி என்னுது" என்றேன். "ஏறுன டிக்கெட்டை இறக்க முடியாதுண்ணே" என்கிறார்.

இத்தோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். நேற்று தலைமை நர்ஸ் ஒரு பட்டியல் ஒட்டினார். சக்தி சரியாக ஏறாத ஆறு பேரை வருகிற சனிக்கிழமை மாடித் தனியறைகளுக்கு மாற்றுகிறார்கள். காய்ச்சல் காலம் முடிய மூன்று மாதம் அங்கேதான். சாப்பாடு வாசலோடு. "ஞாயிற்றுக்கிழமை என் மக வருவாளே?" என்றேன். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கையாட்டட்டும் ஐயா, உங்க நல்லதுக்குத்தான்" என்கிறார். பதின்மூன்று ஞாயிறு, மாப்பிள்ளை. அவள் வந்து என் நகத்தை வெட்டிக்கொண்டே நான் சொல்லும் ஒவ்வொரு சேதிக்கும் எதிர்ப்பேச்சு பேசுவாள். அவளை மடக்குவதற்கென்றே வாரம் முழுக்கப் பேப்பர் படிக்கிறேன். கண்ணாடி வழியாகக் கையாட்டலாம், சண்டை போட முடியுமா? அவள் அம்மா போன பிறகு என்னை எதிர்த்துப் பேச இருக்கிற ஒரே ஆள் அவள்தான்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: இது கண்டதும் டாக்டரம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதவும். ரத்தக் குப்பி எங்கோ மாறிவிட்டது, என் மாமனாரை மாடிக்கு ஏற்ற எனக்குச் சம்மதமில்லை என்று எழுதி, அதே அழகான கையெழுத்தைப் போடவும். கேட்காமல் ஒன்று போட்டீர்கள், கேட்டு ஒன்று போடுங்கள். என் மகளுக்கு எதுவும் தெரிய வேண்டாம். ஊசியை மட்டும் உயிரே போனாலும் போட்டுக்கொள்ள மாட்டேன். ஒருவர் கைக்கு இன்னொருவர் சம்மதம் சொல்வதைப் போன்ற அக்கிரமம் உலகத்தில் கிடையாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை, இனி வரப்போவதும் இல்லை.

என் மகளுக்கு என் ஆசி. உங்களுக்கும் உண்டு. ஆசிக்குப் பாரம் நிரப்பத் தேவையில்லை என்பதால் கேட்காமலே தருகிறேன்.

இப்படிக்கு,
பதினாலு, ஜன்னல்
(உங்கள் மாமனார்)

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது டாக்டரம்மா வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "மாடிக்குப் போற தொண்ணூத்தாறு வயசு டீச்சரம்மாவுக்கே கொஞ்சம் ஏறியிருக்கு. உங்களுக்கு மட்டும் ஒரு புள்ளிகூட அசையலை. பார்த்தா வயசு மாதிரி தெரியலை ஐயா, பிடிவாதம் மாதிரி தெரியுது. ஊசி போட்டுக்கிட்டீங்களா?" என்றார். எழுபத்தொன்பது வருஷத்தில் என்னைச் சரியாகப் புரிந்துகொண்ட டாக்டர் இவர்தான். சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. புதுப் பாரம் ஒன்றை என் முன்னால் வைத்து, "உங்களுக்குச் சம்மதமா?" என்று என்னையே கேட்டார். முக்கால் மணி நேரம் படித்து, ஒன்பது கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட்டேன். இடது கையில் ஊசி, வலி ஒன்றும் இல்லை, சட்டை மாட்ட மட்டும் கை எழவில்லை. சக்தி ஊற இரண்டு வாரமாம், அதுவரை மாடி, பிறகு என் மகள் உள்ளேயே வரலாம். எங்கள் இரண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள், பதினாறு மடங்கு போச்சே என்று கண்டக்டர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். நீங்கள் கடிதம் எதுவும் எழுத வேண்டாம். பார்க்க வருகிறவர்களும் ஊசி போட்டிருந்தால்தான் நல்லது என்று டாக்டரம்மா சொன்னார். என் மகளுக்குப் போட்டாகிவிட்டதாம். நீங்கள் ஊசி என்றால் பத்து நாள் யோசிப்பீர்கள் என்று அவள் சொல்லியிருப்பதால், உங்கள் பாரத்தை நானே நிரப்பி, முழுமையாக அறிந்து சம்மதிப்பதாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. முழுக்கைச் சட்டை போட்டு வர வேண்டாம்.